சீனர் பாலமும் என் முதற்சொல்லும்

கடல்கடந்து ஃபிரிஸ்கோவில் மகன் வீட்டுக்கு வந்தபின் எனக்கென்று இருந்த ஒரே வேலை சனிக்கிழமைப் பாராயணம். யாரேனும் ஒருவர் வீட்டு மாடியில், டிவியின் மேல் துணி போர்த்திவிட்டு, இரு வரிசையாக எதிரெதிரே அமர்வோம். பாசுரத்தின் முதற்சொல்லை நான் எடுத்துக்கொடுப்பேன், மற்றவர்கள் வரிசைக்கு ஓரடியாக மாறி மாறித் தொடர்வார்கள். காரோட்டத் தெரியாதவன் ஒரு கடைக்குக்கூடப் போகமுடியாத இந்த ஊரில், அந்த முதற்சொல்லால்தான் நானும் ஒரு மனிதனாக இருந்தேன்.

ராமநவமிக்குச் சேதுவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நெடுஞ்சாலைத் துறையில் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்றவன் நான். வானரங்களின் பக்தியைச் சொன்னபோது சிலர் கண் கலங்கினார்கள். பிறகு, மனிதர் கட்டிய பாலங்களுக்கு வந்தேன். பழைய சீனர்களைச் சொன்னேன். அரைவட்டமாக வளைத்தால் வண்டி ஏறாதென்று வளைவைத் தாழ்த்தி, ஆற்றில் ஒரு தூண்கூட நிறுத்தாமல் அக்கரை சேர்ந்தவர்கள்; வளைவின் இரு தோள்களையும் கல்லால் அடைக்காமல் சிறு வளைவுகளாகத் திறந்துவைத்தவர்கள். பாரமும் குறைந்தது, வெள்ளத்துக்கும் வழி கிடைத்தது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தக் கற்பாலம் நிற்கிறது.

குழுவை நடத்துபவர் குறுக்கிட்டார். "மாமா, இதெல்லாம் நம்மகிட்டேந்து அவா கத்துண்டதுதானே? அதையும் சொல்லிடுங்கோ. கிட்ஸ் கேக்கறா, இன்ஸ்பயரிங்கா இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்சு அப்படி இல்லை. அவாளே யோசிச்சுக் கட்டினது."

"ராமநவமி அன்னிக்கு சைனா புராணமா மாமா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது காரில் மகன் கேட்டான்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னப்பா? யாரு செக் பண்ணப் போறா?"

"பெருமாள் முன்னாடி ஒக்காந்துண்டு பொய் சொல்லச் சொல்றியா?"

அவன் பாட்டின் ஒலியைக் கூட்டினான்.

அடுத்த சனிக்கிழமை என் இடத்தில் போய் அமர்ந்தேன். நடத்துபவர் பெருமாள் படத்தருகே ஒரு சிறு ஸ்பீக்கரை வைத்தார்.

"மாமாவுக்கு எதுக்கு ஸ்ட்ரெயின்? இனிமே ரெக்கார்டிங் ஸ்டார்ட் பண்ணும், நாம ஃபாலோ பண்ணலாம்."

முதற்சொல் அதிலிருந்து வந்தது. எதிர்வரிசைக்காக அது எங்கும் நின்று காத்திருக்கவில்லை. எல்லோரும் மூச்சிரைக்க அதன்பின் ஓடினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

முடிந்ததும் அவரே தொன்னையோடு வந்தார். "புளியோதரை நன்னாருக்கு மாமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

வாங்கிக்கொண்டேன். மகன் வந்து அழைத்துப்போக இன்னும் நேரமிருந்தது.