நூற்று நாற்பத்து மூன்று பேரின் மரியாதை

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டு வரும் மின்னஞ்சல்களையெல்லாம் முதலில் திறந்து பார்ப்பவள் அவள்தான். ஆபீஸில் அவளுக்குப் பதிலக்கா என்று பெயர். வைத்தவர் கிடங்குப் பொறுப்பாளர். கேலியாகத்தான் வைத்தார், ஒட்டிக்கொண்டுவிட்டது. விண்ணப்பம் போட்ட ஒருவரையும் பதில் இல்லாமல் விட்டதில்லை என்பது பத்து வருஷமாக அவள் காப்பாற்றி வந்த பெருமை.

அதற்காக அவளை இளகிய மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மின்னஞ்சல் மரியாதையில் படு கறார். பொருள் வரி காலியாக வந்தால் முகம் எட்டுக் கோணலாகப் போகும். 'ஹாய்' என்று ஆரம்பித்தால், "இவன் என்ன எனக்கு மாமா பையனா?" என்பாள். வேறொரு கம்பெனிக்கு எழுதியதைப் பெயர்கூட மாற்றாமல் இவர்களுக்கும் தட்டிவிட்டவர்கள் உண்டு. சுயவிவரத்துக்குப் பதிலாக அக்கா கல்யாணத்துப் புகைப்படத்தை இணைத்த புண்ணியவானும் உண்டு. வீட்டிலும் இதே கதைதான். "குடும்பக் குழுவுல 'பால் வாங்கி வரவும், நன்றி'ன்னு எழுதுற ஒரே அம்மா நீதான்" என்று பத்தாவது படிக்கும் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பாலை வாங்கி வந்துவிட்டு, 'வாங்கியாச்சு, நன்றி' என்று பதில் போடுவார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் ஓர் ஆபீஸில் நேர்காணல் முடிந்து, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். நம்பினாள். வேறெங்கும் முயற்சி செய்யாமல் ஏழு மாதம் காத்திருந்தாள். தபால்காரர் தெருமுனை திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியது அவளுக்கு மறக்கவே இல்லை. 'இல்லை' என்று ஒரு வரி வந்திருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். அதனால் அவள் அனுப்பும் கடிதத்தில் மூன்றே வரிகள். உங்கள் விண்ணப்பத்தைப் படித்தோம். இந்த முறை உங்களை எடுத்துக்கொள்ள முடியவில்லை. தயவுசெய்து எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. "வேலை இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா லெட்டர்? ஏன் எடுக்கலைன்னு நாலு பேரு சண்டைக்கு வருவான். ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னைக்கே இதை நிறுத்திடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு புகாரும் வராமல் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுத் தனித்தனியாக எழுதுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஒழுங்கு தவறிப்போனது.

பெட்டிகளை அனுப்பும் பிரிவுக்கு இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். முடிவு தெரிந்தபோது மதியம் இரண்டு மணி. மீதி நூற்று நாற்பத்து மூன்று பேர். மூன்று மணிக்குக் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு, ஆபீஸில் இருக்கும் அத்தனை பேரும் வந்தாக வேண்டும். திங்கட்கிழமை எழுதலாம்தான். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அத்தனை பிள்ளைகளும் போனையே பார்த்துக்கொண்டிருக்குமே என்று அவளுக்குத் தாங்கவில்லை. ஒரே கடிதமாக எழுதி மொத்தமாக அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தாள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்புவதற்குப் பிசிசி என்று ஒரு பெட்டி இருக்கிறது. மொத்தமாக அனுப்பியே பழக்கமில்லாதவள் எல்லா முகவரிகளையும் அதற்கு மேலே இருக்கும் பெட்டியில் ஒட்டிவிட்டாள். இரண்டு நாற்பதுக்கு அழுத்தினாள்.

இரண்டு நாற்பத்தாறுக்கு முதல் பதில் வந்தது. "யார் இவர்கள் எல்லாம்?"

அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தாள். வேலை கிடைக்காத நூற்று நாற்பத்து மூன்று பேரின் முகவரிகளும் கூரையில்லாத வீடாகத் திறந்து கிடந்தன. அடுத்து ஒருவன், "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டான். மூன்றாவது ஆள், "தயவுசெய்து எல்லாருக்கும் பதில் அனுப்பாதீர்கள்" என்று எல்லாருக்கும் பதில் அனுப்பினான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு அழுகைதான் வந்தது. புகார் ஒன்றல்ல, நூறு வரப்போகிறது. பத்து வருஷம் காப்பாற்றியது ஒரே அழுத்தலில் போச்சு. இனி இந்த ஆபீஸுக்கு எழுதுகிற யாருக்கும் பதில் வராது.

நான்காவது மின்னஞ்சல் 'தூங்கும்சிங்கம்77' என்ற முகவரியிலிருந்து வந்தது. அந்த முகவரியை அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. இப்படிப் பெயர் வைத்துக்கொண்டு வேலை கேட்கிற விளையாட்டுப் பிள்ளை யாரோ என்று, திறக்காமலே ஒதுக்கிய ஒரே விண்ணப்பம் அது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்கியிருந்தது சிங்கம். "நம்முடைய முகவரிகள் தவறுதலாக வந்துவிட்டன என்று நினைக்கிறேன். 'எல்லாருக்கும் பதில்' அழுத்துவது என்னோடு முடியட்டும். இந்த மின்னஞ்சலை அழித்துவிடுவோம். நான் நாற்பத்தோரு இடத்துக்கு எழுதினேன். பதில் வந்தது இங்கிருந்து மட்டும்தான். நம் விண்ணப்பங்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். அவருக்கு நம்மால் சிக்கல் வர வேண்டாம். எல்லாருக்கும் நல்ல வேலை கிடைக்கட்டும்."

'படித்திருக்கிறார்' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. அவசரமாக அந்த விண்ணப்பத்தைத் தேடித் திறந்தாள். பொருள் வரி கச்சிதமாக இருந்தது. மூன்று பத்தி, ஒரு சொல் மிகை இல்லை. எழுதியது ஒரு பெண், இரண்டு வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். கடைசி வரி இப்படி இருந்தது: "பதில் எழுத உங்களுக்கு நேரமில்லை என்றாலும் புரிந்துகொள்வேன்." பதிலக்கா அந்த வரியை மறுபடி படிக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்று மணிக்குக் கிடங்கில் ஒரு கையில் பலகை, ஒரு கையில் போனுடன் நின்றாள். ஒரு வரிசை எண்ணுவாள், போனைப் பார்ப்பாள், எண்ணியது மறந்துபோகும்.

"பதிலக்கா, அந்த அடுக்கை மூணாவது தடவையா எண்ணுறீங்க. குட்டி போட்டுடாது, வாங்க" என்றார் கிடங்குப் பொறுப்பாளர்.

போனில் ஒன்றும் இல்லை. மூன்றரைக்கும் இல்லை. நாலு மணிக்கு ஒன்றே ஒன்று. எல்லாருக்குமல்ல, ஆபீஸுக்கு மட்டும். முதலில் 'யார் இவர்கள்' என்று கேட்டவன். "மன்னிக்கவும். அழித்துவிட்டேன்." அப்புறம் மறுபடி ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நூற்று நாற்பத்து மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. எங்கெங்கோ அறைகளில், பேருந்துகளில், கடைக் கல்லாக்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். சற்று முன்தான் 'வேலை இல்லை' என்ற பதிலை வாங்கியவர்கள். கோபப்பட அத்தனை பேருக்கும் உரிமை உண்டு, விரல் நுனியில் பொத்தானும் உண்டு. சிங்கத்தின் கடிதத்துக்குப் பிறகு ஒருவரும் அழுத்தவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்காக அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து வருஷமாகப் பொருள் வரியிலும் வணக்கத்திலும் மரியாதையைத் தேடியவள், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் மலைத்துப்போய் நின்றாள். மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஐந்து மணிக்கு, யாரும் கேட்காமலே, மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை என்பதையும் சொன்னாள்.

"எத்தனை புகார் வந்திருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் நம்பவில்லை. அவள் இடத்துக்கே வந்து உட்கார்ந்து, மின்னஞ்சல் பெட்டியை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். சிங்கத்தின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலை இல்லைன்னு சொன்ன ஆபீஸ்மா இது. போதாததுக்கு அவங்க அட்ரஸை வேற வெளியில விட்டுட்டோம். நம்மை எதுக்கு இவங்க காப்பாத்தணும்?"

"நாம பதில் போட்டோம்ல சார்."

மேனேஜர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். "லெட்டரை நிறுத்தறதெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிடு. கீழ என் பேரைப் போடு."

முதலில் சிங்கத்துக்கு எழுதினாள். 'உங்கள் விண்ணப்பத்தைப் படித்தோம்' என்று நான் எழுதியது பொய், இப்போதுதான் படித்தேன் என்று ஆரம்பித்து முழுதும் எழுதி, மேனேஜர் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டாள். அடுத்த இடம் காலியாகும்போது முதலில் கூப்பிடுவேன் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தாள். அது தன் கையில் இல்லையே, அந்தப் பெண் நம்பிக் காத்திருப்பாளே என்று அழித்தாள்.

ஆறே காலுக்குக் கணவர் கூப்பிட்டார். "இன்னும் கிளம்பலியா?"

"இன்னும் தொண்ணூறு பேர் இருக்காங்க."

"எல்லாருக்கும் ஒரே விஷயம்தானே? மொத்தமா ஒண்ணா அனுப்பிட்டு வாயேன்."

"அவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியாதானே சும்மா இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.