பழனியண்ணை பூட்டிய பதினொரு பில்டர்கள்

எனக்குப் பழைய கார் என்றால் உயிர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புதியது வாங்க வழியில்லை, அவ்வளவுதான். என் மொறிஸ் மைனர் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தது. அதில்தான் பளையிலிருந்து கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கிழமையில் இரண்டு தரம் என் மனைவி தாட்சாயினியைக் கொண்டுபோக வேண்டும். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. இரத்தத்தைச் சுத்திகரித்து விட்டபிறகு பஸ்ஸில் நெரிபட்டு வர அவளால் முடியாது. ஆகவே அந்தக் கிழட்டுக் கார் நடுவழியில் நிற்கக் கூடாது. என் கவலை முழுவதும் அதுதான்.

அதை நிற்காமல் ஓட வைத்தவர் பழனியாண்டி அண்ணை. கிளிநொச்சியில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய கராஜ். ஆறு மரக்குற்றியும் மேலே தகரமும்தான் கராஜ். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. வந்தவர்கள் எல்லோரும் காடு வெட்டிக் காணி திருத்தினார்கள். இவர் லொறிகளுக்குக் கீழே போய்ப் படுத்தார். பிறகு இடம்பெயர்ந்த இடமெல்லாம் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கடைசியில் அதையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு முகாமுக்குப் போனார். திரும்பி வந்து ஒரு குறட்டோடும் இரண்டு ஸ்பனரோடும் தொடங்கினார். இதையெல்லாம் பெருமையாக ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிச் சுகம் என்று கேட்டால், "அலுப்புத்தான், மாஸ்ரர்" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன்.

பழைய எஞ்சின்களில் ஒயிலை வடிகட்டுகிற பில்டர் ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். அதற்குள் போடுகிற காகிதச் சுருள் இப்போது கொழும்பிலும் லேசில் கிடைப்பதில்லை. பழனியண்ணை அந்தக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, லேத்தில் கடைந்த ஒரு தட்டைப் பூட்டுவார். அந்தத் தட்டில், இந்தக் காலத்து வான்களுக்குப் போடுகிற பில்டரைக் கையாலேயே திருகலாம். எந்தக் கடையிலும் வாங்கலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சினில் அந்தத் தட்டுப் போய் உட்காருகிற இடத்தில் வட்டமாக ஒரு தவாளிப்பு, ஒடுங்கிய பள்ளம், உண்டு. அதற்குள் பழைய றப்பர் றிங் கிடக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியவை. அந்தக் கரி முழுவதும் றிங்கின்மேல் இறுகி, றப்பர் எது இரும்பு எது என்று டோர்ச் அடித்தாலும் தெரியாது. விரல் நுனியால் தடவித்தான் பிடிக்க வேண்டும். பழையதைக் கிளப்பாமல் அதன்மேல் புது றிங்கை வைத்துவிட்டால் சில மாதம் சும்மா இருக்கும். ஒருநாள் பிதுங்கும். இரண்டு நிமிடத்தில் ஒயில் முழுவதும் றோட்டில்.

போன மாசியில் அல்பேர்ட் சம்மாட்டியின் ஒஸ்ரின் காருக்கு அதுதான் நடந்தது. முல்லைத்தீவுக் கரையில் மூன்று படகு வைத்திருக்கிற மனிதர். புதுக்குடியிருப்புக்குக் கிட்ட வரும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. காரை லொறியில் ஏற்றிக்கொண்டு கராஜுக்கு வந்தார். சில்லுக்குப் பேரிங் வாங்க பஸ்ஸில் வந்திருந்த நானும் அங்கே நின்றேன். அல்பேர்ட் கத்தவில்லை. பில்டர் போலிச் சாமானாகத்தான் இருக்கும், விற்றவனைப் பிடிக்க வேண்டும் என்றார். நின்ற எல்லோரும் ஓம் போட்டார்கள். நானும் போட்டேன்.

பழனியண்ணை பில்டரையும் தட்டையும் கழற்றினார். பிதுங்கிக் கிடந்த றப்பர்த் துண்டுகள் இரண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று புதிது. மற்றது கல் மாதிரி இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பில்டரின் தலையிலேயே போயிருக்கும்.

"பில்டர் நல்லது. பிழை என்னிலைதான். சீனி வருத்தத்தாலை விரல் நுனியெல்லாம் விறைச்சு ஒரு வருசமாச்சு. பழைய றிங் கிடந்தது எனக்குத் தெரியேல்லை."

எனக்குச் சினம் வந்தது. கராஜை நம்பிச் சீவிக்கிறவன் நாலு பேர் நடுவில் இப்படியா சொல்வது? இனி யார் இவரிடம் எஞ்சினைத் திறக்கக் கொடுப்பான்? அதற்குள் இன்னொன்று மண்டையில் அடித்தது. என் காருக்கு ஐப்பசியில் பில்டர் பூட்டியவரும் இவர்தானே.

அல்பேர்ட் அந்த இரண்டு துண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இந்த ஒரு வருசத்துக்குள்ளை எத்தினை காருக்குப் பூட்டினனீங்கள்?"

"பதினொண்டு."

"அப்ப மற்றாக்களுக்கு ஆர் சொல்லுறது?"

பழனியண்ணை கராஜை அப்போதே பூட்டினார். நான் வரும்வரைக்கும் காரை எடுக்காதையுங்கோ என்று என்னிடம் சொல்லிவிட்டார். மனைவி கமலாட்சியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டார். கமலாட்சியக்கா தையல் வேலை செய்கிறவர், எஞ்சின் பக்கமே வந்தறியாதவர். ஆனால் அவருடைய விரலுக்கு உணர்ச்சி இருந்தது. போன இடத்தில் ஒருவர் கண்டபடி ஏசினாராம். இன்னொருவர் கேற்றைத் திறக்கவே அரை மணித்தியாலம் மன்றாட வேண்டியிருந்ததாம். நாலு கார் பார்த்தார்கள். நாலிலும் பழைய றிங் இல்லை.

ஐந்தாவதாக அடுத்த நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் ஆசுபத்திரிக்குப் போகிற நாள். இருவருக்கும் முகம் கறுத்துக் கிடந்தது. பொனெற்றைத் திறந்து, பில்டரையும் தட்டையும் புது றிங்கையும் கழற்றிவிட்டு, பழனியண்ணை ஒதுங்கி நின்றார். கமலாட்சியக்கா குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டுச் சுற்றிவரத் தடவினார்.

"இருக்கு," என்றார்.

"வடிவாப் பார்."

"இருக்கப்பா. நகத்திலை முட்டுது."

பழனியண்ணை கையைத் துணியில் துடைத்துவிட்டு, அதே இடத்தில் தன் விரலை வைத்தார். கனநேரம் வைத்திருந்தார். வேர்வை மூக்கு நுனியால் சொட்டியது.

"எனக்கு இப்பவும் ஒண்டும் தெரியேல்லை," என்றார்.

மனைவி காட்டிய இடத்தில் வளைந்த ஊசியைக் கொடுத்துக் கிளப்பினார். றிங் ஐந்து துண்டாக உடைந்து வந்தது. கமலாட்சியக்கா மறுபடி தடவி, இனி இல்லை என்று சொன்ன பிறகுதான் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். நான் அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்தேன். கணக்கு வாத்திக்குக் கணக்குத்தானே வரும். ஐப்பசியிலிருந்து முப்பத்துநாலு தரம் இந்த றிங்கோடு தாட்சாயினியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறேன். கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

எஞ்சினை ஓடவிட்டு, கீழே பேப்பரை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. தாட்சாயினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பழனியண்ணை அதை ஒரே மூச்சில் குடித்தார்.

"மிச்சம் அஞ்சு கார் கிடக்கு, மாஸ்ரர். அதையும் பாத்து முடிச்சிட்டுக் கராஜை ஆருக்காவது குடுக்கப்போறன். இனி நான் எஞ்சினிலை கை வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கமலாட்சியக்காவும் பார்த்தார். அப்படிச் சொல்லாதையுங்கோ அண்ணை, அக்காவைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு செய்யலாம்தானே என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் நின்றார். அது எனக்கு நன்றாகவே விளங்கியது. தாட்சாயினி வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

பழனியண்ணை தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.