பாலத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று கதவுக்கு. இன்னொன்றுக்குச் சாவி தொலைந்து வருஷங்களாகிவிட்டன. அதைத்தான் என் தங்கை மஞ்சுஷா இந்தக் கோடை முழுக்க, தகரக் கூரையின் இரும்புக் குழாயில் நூல் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எல்லோரும் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தபோது இவள் பூட்டு ஆட்டினாள்.

காரணம் இருந்தது. எர்ணாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடம், பிளஸ் ஒன்னுக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேரைப் பொறுக்கித் தனியாக ஃபிசிக்ஸ் வகுப்பு நடத்துகிறது. காலேஜில் தொடுகிற பாடத்தை அங்கே பிளஸ் ஒன்னிலேயே தொடுவார்களாம். அதற்கு ஜூன் மாதம் ஒரு தேர்வு. தேறினால் ஃபீஸ் இல்லை, ஹாஸ்டலும் உண்டு. தேறாவிட்டால் எங்கள் மட்டாஞ்சேரியிலேயே எந்தப் பாடம் கிடைக்கிறதோ அது.

அவள் படித்தது என்னுடைய பழைய பிளஸ் ஒன் புத்தகத்தில். புத்தம் புதிதாக இருந்தது. நான் அதைத் திறந்ததே விஞ்ஞானிகளுக்கு மீசை வரையத்தான். ஏற்கெனவே மீசை இருந்தவருக்குக் கூலிங் கிளாஸ். அந்த வருஷம் நான் தோற்றேன். அதற்கப்புறம் தோப்பும்படியில் ஏசி ரிப்பேர் செய்கிற ஷிபு சேட்டனோடு ஏணி தூக்கப் போய்விட்டேன்.

ஒருநாள் அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில், பூட்டுக்கு மேலே நூலில் ஒரு முடிச்சுப் போட்டு நீளத்தைக் குறைத்துவிட்டேன். திரும்பி வந்து ஆட்டினாள், எண்ணினாள், முன்பே அளந்து வைத்த நூல் நீளத்தையும் ஆடிய நேரத்தையும் வைத்துப் பூமியின் ஈர்ப்பைக் கணக்குப் போட்டாள். முகம் சுருங்கியது. மறுபடி போட்டாள்.

"அண்ணே, இங்க வா. கிராவிட்டி கூடுதலா வருது."

"நம்ம வீட்டுல மட்டும் பூமி ஜாஸ்தியா இழுக்குதோ என்னமோ. நீ வேணும்னா அடுத்த வீட்டுல போய் ஆட்டிப் பாரு."

அவள் நிமிர்ந்து நூலைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்கேல் பறந்து வந்தது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். அம்மா அழுதாள். அழுது முடித்துவிட்டு, ஃபிசிக்ஸில் ஏ பிளஸ் வாங்கினால் மஞ்சு முளைப்பாரி எடுப்பாள் என்று மாரியம்மனுக்கு வேண்டியிருந்ததைச் சொன்னாள்.

எங்கள் தெருவில் முளைப்பாரி எடுக்கிறவர்களுக்குத் திருவிழாவின் முதல் நாள் கையில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். அதை அவிழ்க்கிற நாள்வரை அம்மன் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் கரகம் போய்த் திரும்புகிற இடம். எங்களுக்கு அது எர்ணாகுளம் போகிற வழியில் இருக்கும் தோப்பும்படிப் பாலத்தின் அடி.

மஞ்சு யோசித்துத்தான் சம்மதித்தாள். திருவிழா முடிந்து நான்காம் நாள்தான் தேர்வு. காலண்டரில் விரல் வைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பூசாரி பிச்சைமணி மாமா காப்புக் கட்டினார். அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்திலிருந்து மெசேஜ் வந்தது: மழை முன்கூட்டியே வருவதால் தேர்வை ஒரு வாரம் முன்னால் நடத்துகிறார்களாம். நேராகத் திருவிழாவின் நடுவில் வந்து விழுந்தது.

வேறு வீடாக இருந்தால் இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அபராதமாக ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் அப்படி முடியாது. எங்கள் அப்பா தங்கப்பன் சாக்கடை சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர். நான்கு வருஷத்துக்கு முன்னால், கையில் காப்போடு இருந்தபோது, எர்ணாகுளத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று காண்ட்ராக்டர் கூப்பிட்டார். பாலம் தாண்டிப் போனார். குழிக்குள் இறங்கினார். ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையில் முதலில் கொடுத்தது அந்த நனைந்த நூலைத்தான்.

மஞ்சு அப்போதே சொல்லியிருக்கிறாள், "அம்மா, அது குழிக்குள்ள இருந்த விஷவாயு. பாலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"ரெண்டு பேரு எறங்குனாங்கல்ல மோளே? காப்புக் கட்டாத மத்தவன் நல்லா இருக்கான்ல?" என்று அம்மா கேட்டாள்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். குரலைக் கனமாக்கிக்கொண்டு, அப்பாவாகவே மலையாளத்தில், "ஞான் மஞ்சுஷாவின்டெ அச்சனாணு, தங்கப்பன்" என்று ஆரம்பித்தேன். குடும்பத்தில் ஒரு சடங்கு இருக்கிறது, பிள்ளைக்கு வேறொரு நாள் தரமுடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் அதைவிடப் பணிவாக முடியாது என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவருகில் அம்மா நிற்கிறாள். குப்பை அள்ளுகிற வேலைக்குப் போட்ட பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ அந்தக் குரல்ல பேசாதடா," என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிச்சைமணி மாமாவைக் கோயிலில் போய்ப் பிடித்தேன். "மாமா, பாலத்துல போகாம போட்ல போனா?"

"தண்ணியத் தாண்டக் கூடாதுங்கறதுதான்டா கட்டு."

"அவ காப்ப அவுத்து என் கையில கட்டிருங்க. நா பத்து நாளைக்கு எங்கயும் போகல. ஷிபு சேட்டன் சந்தோஷப்படுவாரு."

மாமா சிரித்தார். "மொளப்பாரி நீ எடுப்பியா? பாவாட தாவணி கட்டி?"

"கட்டுறேன் மாமா. என்ன கலர்னு சொல்லுங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டார். "பிரதீஷே, நா அவுத்துருவேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க அம்மா சரின்னு சொல்லட்டும்."

அம்மா சரி என்று சொன்னாள். அதுதான் கொடுமை. தேர்வு நாள் காலையில் மஞ்சுவுக்கு இட்லி வைத்தாள், தலை பின்னிவிட்டாள், "போயிட்டு வா, நல்லா எழுது, காப்ப அவுக்க வேணாம், அம்மன் பாத்துக்குவா" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். அவள் தட்டில் வைத்த இட்லி அப்படியே இருந்தது. கண் மட்டும் மஞ்சுவின் மணிக்கட்டிலேயே நின்றது.

நானும் கூடப் போனேன். தனியார் பஸ், ஜன்னல் சீட், வெளியே சாரல். மஞ்சு பையை மடியில் வைத்து நூலைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் ஏதேதோ உளறினேன். வினாத்தாளில் பூட்டுக் கணக்கு வந்தால் முடிச்சை மறந்துவிடாதே என்றேன். அவள் காதில் விழவில்லை.

தோப்பும்படியில் பஸ் நின்றது. மீன் கூடையோடு ஒருவர் இறங்கினார். கண்டக்டர் மணி அடிப்பதற்குள் மஞ்சு எழுந்து, "ஆள் இறங்ஙானுண்டு" என்று கத்தினாள். நான் பின்னாலேயே குதித்தேன்.

"லூசாடி நீ? இத்தன நாள் படிச்சது எதுக்கு?"

அவள் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறி, வளைந்து, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அது எனக்குத் தெரியும்ணே," என்றாள். "நா திரும்பி வர்ற வரைக்கும் அம்மா அங்க அந்தச் செவுத்தோரமா உக்காந்துருக்கும். அப்புறம் ஹாஸ்டலுக்குப் போனா தெனமும் உக்காந்துருக்கும். எனக்கு ஒரு ஜுரம் வந்தாக்கூட இந்த நாளத்தான் நெனைக்கும்."

"இன்னொரு பஸ் வரும்."

"வரும்."

வந்தது. போனது. இன்னொன்றும் வந்தது. எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு கோட்டித்தனமான யோசனை தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை. கடைசியில் இரண்டு சாயா வாங்கினேன். அவள் ஆறவைத்துக் குடித்தாள். மழை பலமானது, நடந்தே வீட்டுக்கு வந்தோம். அம்மா மஞ்சுவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், முடி காய்ந்த பிறகும்.

திருவிழாவில் மஞ்சு முளைப்பாரி எடுத்தாள். நன்றாக வளர்ந்திருந்தது. எல்லோரும் சொன்னார்கள். காப்பை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள்.

பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் சயன்ஸ் வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது பக்கத்துப் பள்ளியில் காமர்ஸ் படிக்கிறாள். மார்க் நன்றாகத்தான் வருகிறது. என்னுடைய ஃபிசிக்ஸ் புத்தகம் பழைய பேப்பருக்குப் போகிற கட்டில் இருந்தது. நான் எடுத்து என் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூட்டைத் தேடி எடுத்து, பழைய இடத்தில் தொங்கவிட்டு ஆட்டினேன். அவள் டெபிட், கிரெடிட் எழுதிக்கொண்டிருந்தாள். நானே எண்ணினேன், புத்தகத்தைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன், எங்கோ தப்பினேன்.

"மஞ்சு, இங்க பாரு. கிராவிட்டி கூடுதலா வருது."

அவள் தலையைத் தூக்கவில்லை. "முடிச்ச அவுத்துட்டு ஆட்டுண்ணே," என்றாள்.

நான் இந்தத் தடவை முடிச்சே போடவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.