சித்தப்பா கொடுத்த ஜன்னல் சீட்

எங்கள் வீட்டில் தோசைக்குக்கூட டர்ன் உண்டு. முதலில் வந்து உட்கார்ந்தவருக்கு முதல் தோசை. அதைத் தின்று முடித்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். பசியோ பரீட்சையோ காய்ச்சலோ, சலுகை கிடையாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. அவர் சங்கரன்கோவில் லாரி ஸ்டாண்டுச் சங்கத்தின் செயலாளர். ஸ்டாண்டுக்கு ஒரு நியாயம், அடுப்படிக்கு ஒரு நியாயம் என்று அவருக்கு இருக்கத் தெரியாது.

சங்க ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு லாரிக்கும் அதன் நம்பர் எழுதிய ஒரு தகடு. வெளியூரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி தன் தகட்டைக் கடைசி ஆணியில் மாட்டும். தறித் துண்டுகளைக் கட்டிய பேலோ வத்தல் மூட்டையோ, லோடு என்று ஒன்று வந்தால் அது முதல் ஆணியில் தொங்குகிறவருக்குத்தான். வாடகையும் சங்கம் வைத்ததுதான். புது லாரி, ஓட்டை லாரி, சிரித்த முகம், சிடுமூஞ்சி எல்லாருக்கும் ஒரே பலகை. ஒரு தகடு கழன்றதும் மற்றவற்றை ஒவ்வோர் ஆணியாக முன்னால் நகர்த்துகிற வேலை, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னுடையது. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு, ஊர் லாரிகளையெல்லாம் நான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பு.

சித்தப்பாவுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. அப்பாவின் ஒரே தம்பி. சொந்த லாரியைத் தானே ஓட்டினார். தெருமுனையில் ஹார்ன் அடித்தால் நான் ஓடுவேன். என்னைத் தூக்கி ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து நானே அடிக்கும்படி விடுவார். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். எனக்கு அவர்தான் உலகம்.

அந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் எல்லார் கையிலும் செல்போன் வந்திருந்தது. கேரளத்தில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிற வெளியூர் லாரிகள், டீசலுக்குக் கிடைத்தால் போதும் என்று பாதி வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போயின. ஒரு போன் போட்டால் வந்து நின்றன. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம், சட்டம் அப்படித்தான் இருக்கிறது, சங்கம் தடுக்க முடியாது என்று வியாபாரிகள் பேச ஆரம்பித்தார்கள். சித்தப்பாவும் அதையே பேசினார். எங்கள் அடுப்படியில், தோசைக்குக் காத்திருந்தபடி.

“தகட்ட மாட்டிட்டு ஆணியவே பாத்துக்கிட்டுக் கெடந்தா, நின்ன எடத்துல டயருதாம்ணே வெடிக்கும். எவன் கொறச்சுக் கேக்கானோ அவனுக்கு லோடு. இனிமே அப்படித்தான்.”

“இன்னைக்கு நீ கொறப்ப. நாளைக்கு உன்னையவிட ஒருத்தன் கொறப்பான். அப்போ எங்கன போய் நிப்பலே?”

“நானும் கொறப்பேன்.”

“கொறச்சுக் கொறச்சு, கடைசில யாவாரி மூட்டைய நீயே தலைல வச்சு ஓசிக்குக் கொண்டு போ.”

“ரெண்டு பேரும் இப்படியே பேசுங்க, தோசை கல்லுல கருகட்டும்” என்றாள் அம்மா. நான் சித்தப்பா கட்சி. போனைப் போட்டால் லாரி வரும் என்பது எவ்வளவு ஜோரான விஷயம்!

ஒருநாள் சித்தப்பாவின் தகடு பலகையில் நடு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, அவருடைய லாரி திருவேங்கடம் ரோட்டுக் குடோன் ஒன்றுக்குள் நின்று துண்டு பேல் ஏற்றிக்கொண்டிருந்தது. போன்வழி பிடித்த லோடு. செய்தி வந்ததும் சங்கத்து ஆட்கள் போய் குடோன் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஏற்றியதை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வெளியே வா என்பது கோரிக்கை. சொந்தத் தம்பியின் வண்டி என்பதால் அப்பாவே முன்வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. அந்த ஒரு வண்டி லோடோடு கேட்டைத் தாண்டிவிட்டால் மறுநாளிலிருந்து பலகையில் தகடு மாட்ட யாரும் வரமாட்டார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

முந்தின வருஷம் டர்ன் மீறி ஏற்றிய ஒரு வெளியூர் லாரியின் மேல் யாரோ கல் விட்டு, கிளீனருக்குக் கண்ணுக்கு மேலே தையல் போட்டிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை கல் கிடையாது என்று அப்பா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் ரோட்டோரம் ஜல்லி கொட்டிக் கிடந்தது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

கேட்டில் ஆள் உட்கார்ந்து இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். “மதினி, புள்ளைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்” என்றார். அண்ணனோடு சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா சந்தோஷமாகத் தலைவாரி ரிப்பன் கட்டி அனுப்பினாள். தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்து வழியாகப் போய், பின்பக்கச் சின்ன வாசலில் குனிந்து குடோனுக்குள் நுழைந்தோம். லாரி மலைபோல நின்றது. வழக்கமாக என்னை நடுவில், கியர் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். அன்று ஜன்னல் சீட். அதுவும் ஓர் அட்டைப்பெட்டியைப் போட்டு அதன்மேல். ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

கேட் திறந்தது. பந்தலில் இருந்தவர்கள் ஒரே மூச்சில் எழுந்தார்கள்.

“ஏலே, நிறுத்துலே! வண்டிய நிறுத்து!”

“வுடாதிய வே, குறுக்க நில்லுங்க!”

சித்தப்பா ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஒருவர் கை ஓங்கியதைப் பார்த்தேன். அதற்குள் யாரோ கத்தினார்கள்: “ஏலே, எறிஞ்சிராத! நம்ம செயலாளர் புள்ளல்லா இருக்கு!”

ஓங்கிய கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. எனக்குத் தெரிந்த மாமாக்கள்தான் எல்லாரும். தகடு நகர்த்தும்போது கடலை மிட்டாய் வாங்கித் தருகிறவர்கள். நான் இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எனக்காக வழி விடுகிறார்கள் என்று பூரித்துப் போனேன். ஒரு வகையில் அது உண்மையும்கூட. கடைசியாக அப்பா மட்டும் ரோட்டு நடுவில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு ஓரமாக நகர்ந்து நின்றார்.

திருவேங்கடத்தில் சித்தப்பா எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை. “போதுமா மக்கா? இன்னொண்ணு சொல்லட்டா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் ஒப்படைத்து டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வடக்கே போய்விட்டார்.

பந்தல் சாயங்காலத்துக்குள் பிரிக்கப்பட்டது. “கோஷம் போடுதது அண்ணாச்சி, கேட்டத் தாண்டுதது தம்பியும் புள்ளையும். நல்ல குடும்பம்வே!” என்று ஒருவர் சொன்னாராம். அப்பா பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பலகையில் தகடுகள் கொஞ்ச நாள் நகராமல் தொங்கின. சித்தப்பா சொன்னதுதான் கடைசியில் நடந்தது. அப்பா சொன்னதும் நடந்தது. சித்தப்பாவைவிடக் குறைத்துக் கேட்க ஆட்கள் வந்தார்கள், அவர் லாரியை விற்றுவிட்டு வேறொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனார். இன்று சென்னையில் நான் பார்ப்பது, லாரிக்காரர்களுக்குச் செல்போன் செயலியிலேயே லோடு பிடித்துக் கொடுக்கிற வேலை. யார் குறைத்துக் கேட்கிறாரோ அவர் பெயர் திரையில் மேலே வரும். எனக்கு இந்த வேலை பிடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சில நாள், விடிந்ததிலிருந்து லோடு கிடைக்காமல் கீழேயே கிடக்கிற ஒரு பெயரைப் பார்த்தால், விரல் அதை ஓர் ஆணி முன்னால் நகர்த்தத் துடிக்கும்.

பந்தல் பிரித்த அன்று அப்பா வீட்டுக்கு வந்தபோது, அம்மா மூலையில் அழுதுகொண்டிருந்தாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இங்கன வா. லாரில ஜன்னல் கண்ணாடி எறக்கித்தான இருந்துச்சு?”

“ஆமாப்பா.”

“நீயா எறக்குன?”

“எனக்கு அது சுத்த வராதுல்லா? சித்தப்பாதான் சுத்தி எறக்குனாவ. காத்து வரும்னு சொன்னாவ.”

“எப்போ எறக்குனான்? வெளிய வந்தப்புறமா?”

“இல்லப்பா. கேட்டு தொறக்குததுக்கு முன்னாலயே. தலைய நல்லா வெளிய நீட்டு, அப்பாவுக்கு டாட்டா காட்டுன்னு சொன்னாவ.”

அப்பா என் நெற்றியில், கண்ணுக்கு மேலே, கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு சித்தப்பாவோடு அவர் பேசியதே இல்லை. எனக்கு அப்போது ஒன்றுதான் பட்டது. ஓடுகிற வண்டியில் தலையை வெளியே நீட்டக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்களே, அதுதான் அப்பாவுக்குக் கோபம்.

“இனிமே நீட்ட மாட்டேம்ப்பா” என்றேன்.