நடுவிலிருந்து அறுக்கச் சொன்னவர்

சித்தப்பாவைப் பிடித்தவர்கள் ஊரில் யாருமில்லை. பண்ணையில் கௌதாரிகளைப் பெருக்குவது அவர் வேலை. குளிர்காலத்தில் துப்பாக்கியோடு வேட்டைக்கு வந்து சுடுகிறவர்களுக்கு எத்தனை பறவை விடலாம், விடலாமா வேண்டாமா என்பதெல்லாம் அவர் வாக்கு. பறவைப் பிரியர்கள் அவரைக் கசாப்புக்காரர் என்றார்கள். வரப்போரப் புல்லைத் தொடவிடுவதில்லை என்று விவசாயிகள் கரித்துக்கொட்டினார்கள். அவர் முகத்திலும் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

முதல் எதிரி சொந்தத்திலேயே இருந்தார்: சித்தியின் அண்ணன். பண்ணையை ஒட்டிய கோதுமை வயலும் அறுவடை இயந்திரமும் அவருடையவை. சுட வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிப்போய்ச் சம்பாதிப்பவரும் அவரே.

போன அறுவடையில், அடைகாக்கும் பறவைக்காக வயல் நடுவே ஒரு திட்டை அறுக்காமல் விடச் சொன்னார் சித்தப்பா. மச்சானும் விட்டார். மொட்டை வயலில் அது மட்டும் தலைநீட்டி நின்றது. காகங்களுக்கு வேறு அறிவிப்புப் பலகை வேண்டியிருக்கவில்லை. மறுநாள் முட்டையோடுகள்தான் மிச்சம்.

இந்த ஆண்டு அதே வயலில் ஒரு தாயும் குஞ்சுகளும். சித்தப்பா இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்தால் குஞ்சுகள் நடுவில் ஒடுங்கிக் கடைசிச் சுற்றில் மாட்டும். நடுவில் தொடங்கினால் வரப்புக்கு ஓடித் தப்பும் என்றார்.

“போன வருஷம் உங்க பேச்சைக் கேட்டுக் காக்காய்க்கு விருந்து வெச்சோம். இது என்ன புது ஜோசியம் மாப்ள?”

“குஞ்சு செத்தா சுட ஆள் வராது. உங்க ஜீப் சும்மாதான் நிக்கும் மச்சான்.”

மச்சான் காறித் துப்பிவிட்டு, விளைந்த பயிரை நசுக்கிக்கொண்டு நடுவுக்கு ஓட்டினார். நசுங்கிய ஒவ்வொரு கதிருக்கும் ஒரு வசவு. வட்டம் அகன்றுகொண்டே வந்தது. கடைசியில் ஓரப் புல்லுக்குள் தாய் குனிந்து ஓட, குஞ்சுகள் மண்ணுருண்டைகள்போல் பின்னால் உருண்டு மறைந்தன.

குளிர் தொடங்கியதும் சித்தப்பா நாயோடு எல்லா வயல்களையும் சுற்றிக் கௌதாரிகளை எண்ணிவந்தார். மற்ற வயல்களில் குஞ்சுகள் பிழைத்திருக்கவில்லை. எண்ணிக்கை போதாது, இந்த ஆண்டு சுடுவதற்கில்லை என்று பண்ணை முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

சாயங்காலமே மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா தலை நிமிரவில்லை.

“என் பயிரை என்னையே மிதிக்க வெச்சு ஏமாத்திட்டீங்க.”

குஞ்சு செத்தால் ஆள் வராது என்றுதான் சொன்னதாகவும், பிழைத்தால் வரும் என்று தான் வாக்குக் கொடுக்கவில்லை என்றும் சித்தப்பா தட்டைப் பார்த்தே சொன்னார்.

“அடுத்த வருஷம் ஓரத்துலேருந்துதான் அறுப்பேன். குறுக்க வந்து நில்லுங்க, பாக்கலாம்.”

பதில் சித்தியிடமிருந்து வந்தது.

“நிப்பாரு அண்ணே. இந்த மனுஷனுக்கு வேற என்ன தெரியும்.”