அந்த நாடி வாரைத் தைத்தவர் அக்கா அல்ல

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினரும் அயலவரும் அவரைப் பற்றி நல்லதையே எதிர்பார்ப்பீர்கள். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் இந்த ஊர் அவர் பெயரில் ஒரு பிழையை ஏற்றி வைத்திருக்கிறது. அதை இறக்காமல் அவர் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

அக்கா இலங்கைத்துறையில் பிறந்தவர். ஐயா வள்ளங்களுக்குப் பாய் தைப்பவர். ஐயா காய்ச்சலில் போனபின் அம்மாவும் நாங்கள் இருவருமாகத் திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்தை அண்டிய ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே விட்டார். ஐயாவின் பெரிய ஊசியைத் தவிர அவரிடம் வேறு முதல் இருக்கவில்லை. அதைக்கொண்டே தோல் தைக்கப் பழகினார்.

வெள்ளைக்காரக் கடற்படை தளத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் வந்த தோல் கோட்டுகளையும் கையுறைகளையும் எங்கள் ஊர் இளந்தாரிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். சித்திரை வெயிலிலும் தோல் கோட்டு! வேர்த்து வழிந்தாலும் கழற்ற மாட்டார்கள். மோட்டார் சைக்கிளால் விழுந்து, கிழித்துக்கொண்டு அக்காவிடம் வருவார்கள். அக்கா கோட்டைப் பார்க்குமுன் ஆளைப் பார்ப்பார்.

"எந்தப் பக்கம் விழுந்தனீங்கள், தம்பி?"

"விழேல்ல அக்கா. ஆணியில கொழுவிக் கிழிஞ்சது."

"அந்த ஆணி கந்தளாய் றோட்டிலயோ கிடந்தது?"

விழுந்த பக்கத்தைச் சொல்லாதவரின் கோட்டை அவர் தொடமாட்டார். வெளியே நன்றாகத் தெரியும் தோல் உள்ளே நைந்திருக்கும் என்பார். வெடித்த ஹெல்மெட்டை ஒட்டித் தரச் சொன்னால், "இதில கறிவேப்பிலைக் கண்டு வையுங்கோ, நல்லா வரும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஹெல்மெட்டைத் தாடையோடு கட்டும் நாடி வார் அறுந்தால் ஒட்டுப் போடவே மாட்டார். முழு வாரையும் மாற்றுவார். மாற்றியபின் வாரில் தன் காலை மாட்டி, ஹெல்மெட்டை இரு கையாலும் மேலே இழுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

ஊரெல்லாம் அக்காவின் கையைப் பற்றியே பேச்சு. படித்து ஆசிரியையாகி விட்ட எனக்கு அதில் ஓர் எரிச்சல் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் அக்கா தோல் வாங்குவதற்காகத் துறை கடந்து கிண்ணியாவுக்குப் போயிருந்தார். அந்த நேரம் எங்கள் தெருவில் இருந்த ஓவசியர் வந்தார். வேலைகளை மேற்பார்க்க நாளாந்தம் கந்தளாய்க்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர். அவர் மனைவியும் அக்காவும் ஞாயிறு தவறாமல் ஒன்றாகக் கோயிலுக்கு நடந்து போகும் சிநேகிதிகள். அவருடைய ஹெல்மெட் வார் அறுந்தபடி அக்காவின் மேசையில் கிடந்தது.

"அக்கா இல்லையோ, ரீச்சர்? நாளைக்கு விடிய வெளிக்கிட வேணுமே."

"இருங்கோ, நான் தைச்சுத் தாறன்."

அறுந்த முனைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தேன். ஒட்டுத் தெரியாமல் இருக்கச் சப்பாத்து மை பூசினேன். காலை மாட்டி இழுத்துப் பார்க்கவில்லை. "அக்கா தைச்ச மாதிரியே இருக்கு" என்று அவர் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா திரும்பி வந்து கேட்டபோது, அவசரமென்று அறுந்தபடியே எடுத்துப் போய்விட்டார் என்று பொய் சொன்னேன்.

சில நாட்களில் கந்தளாய் வீதியில் ஓவசியருக்குக் குறுக்கே ஒரு மாடு பாய்ந்தது. விழுந்ததில், நான் தைத்த இடம் விட்டு ஹெல்மெட் கழன்று போனது. ஓவசியர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். யார் தைத்தது என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் அவர் மனைவி அந்த ஹெல்மெட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உங்கட கையை நம்பித்தானே அக்கா தந்தது. இது நீங்கள் தைச்சதோ?"

அக்கா வாரைத் திருப்பிப் பார்த்தார். நான் இடக்கைக்காரி, என் தையல் மறுபக்கம் சாயும். அது அக்காவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. கதவோரம் நின்ற என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம், நான்தான்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. பேசி முடித்திருந்த என் கலியாணமும் பள்ளிக்கூடத்தில் இருந்த மரியாதையும்தான் அந்த நேரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன.

அதன்பின் ஒருவரும் அக்காவிடம் கோட்டுக் கொண்டுவரவில்லை. தலையணை உறையும் பள்ளிக்கூடச் சட்டையும் தைத்து அவர் சீவித்தார். ஓவசியரின் மனைவி அவரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறிவிடுவார். ஆனாலும் அக்கா ஞாயிறுகளில் அவர் வீட்டு வாசல் படலையடியில் கொஞ்சம் நின்றுவிட்டே தனியாக நடப்பார். என் பிள்ளைகள் இருவரையும் வளர்த்தவர் அவர். என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. "அக்கா, அந்த வார்..." என்று நான் தொடங்கினால், "போய் வேலையைப் பார்" என்பார். வயிற்று நோயோடு படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் அதையே சொன்னார்.

அந்நாட்களில் அவரைத் தூக்கி, துடைத்து, பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், நோயிற்பூசுதல் அருட்சாதனம் கொடுத்த பங்குச் சுவாமிக்கும், கஞ்சியோடு துறை கடந்து வந்த கிண்ணியாத் தோல் வியாபாரியின் வீட்டாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஓவசியரின் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார். அதற்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் எழும்பும்போது அவர் கேட்டார்:

"அவ இருக்கேக்க இதைச் சொல்லியிருந்தா, நான் ஒருக்காவாவது அவவோட கதைச்சிருப்பனே, ரீச்சர்?"

தங்கை