அஞ்சு நிமிச பாய்

சாவியைத் திருகி எஞ்சின் பிடித்துக்கொண்டதும் கைருதீன் காரைவிட்டு இறங்கிவிடுவார். பானெட்டின் மேல் வலது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யார் வந்து என்ன கேட்டாலும் பதில் கிடையாது. இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார். அஞ்சு நிமிசம்! நூல் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் ஐந்து விரல்தான். மாமனார் ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கினாலும் ஐந்து விரல்தான். திருப்பூரில் அவருடைய பனியன் கம்பெனி இருக்கும் சந்தில், சின்னப் பிள்ளைகள் முதல் டீக்கடைக்காரர் வரை அவருக்கு வைத்த பெயர் ‘அஞ்சு நிமிச பாய்’.

துபாயில் கார் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் எட்டு வருஷம் இருந்தவர். திரும்பி வருகிறவர்கள் தங்கம் கொண்டு வருவார்கள், டேப் ரிக்கார்டர் கொண்டு வருவார்கள். இந்த மனுஷன் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை. சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையை ஒட்டிய உடம்பு. விலைக்குச் சமமாகச் சுங்க வரி கட்டினார். மிச்சமிருந்ததில்தான் நாலு நிட்டிங் மெஷின் வாங்கிக் கம்பெனி தொடங்கினார். தொண்ணூறாம் வருஷத்தில் இதைக் கேட்ட சொந்தபந்தம் தலையில் அடித்துக்கொண்டது.

“மத்த எஞ்சினெல்லாம் மேலயும் கீழயும் குதிக்குதுங்க. இது சுத்துது. நம்ம நிட்டிங் மெஷின் சுத்துதல்லங்க, அப்படி. அதுதான் ஆட்டமே இல்லை, பாருங்க” என்பார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். ஓடுகிற எஞ்சினுக்கு மேலே டீ கிளாஸை வைத்துக் காட்டுவார். உள்ளே பிஸ்டனே கிடையாது. இடுப்பு ஒடுங்கிய முட்டை மாதிரி ஓர் அறை, அதற்குள் முக்கோண இரும்பு ஒன்று சுழல்கிறது, அப்படி இரண்டு. ஊர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டது. கேட்டுவிட்டு, “கிரைண்டர் வண்டி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது.

அந்தக் கிரைண்டர் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் போகும். அது போதாதென்று எண்ணெயும் குடிக்கும். டிக்கியில் எப்போதும் ஒரு டின் எண்ணெய் இருக்கும். “ஒழுகலீங்க. குடிக்குது. குடிச்சாத்தான் முக்கோணத்தோட முனைத் தகடு தேயாது. ஊசிக்கு எண்ணெய் விடாம நீங்க மெஷின் ஓட்டுவீங்களா?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். ஸ்பார்க் பிளக் நாலு. நாலும் சிங்கப்பூரிலிருந்து யாராவது பையில் போட்டுக்கொண்டு வந்தால்தான் உண்டு.

“மூணு புள்ளைகளுக்கு வாங்குற பாலை விட இதுக்கு ஊத்துற எண்ணெய் ஜாஸ்தி” என்பார் அவர் மனைவி முனவர் பேகம். ஆனால் கார் கிளம்பினால் வலது பக்கத்து சீட்டில் அந்த அம்மாள்தான் உட்கார வேண்டும். துபாய் வண்டிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமானால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். “போங்க” என்று முனவர் சொன்னால் கைருதீன் போவார். வேறு யார் சொன்னாலும் போகமாட்டார். லாரிக்குப் பின்னாலேயே ஊர் வந்து சேருவார்.

சாவியும் அப்படித்தான். கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார், பனியனுக்கு உள்ளே. யாரிடமும் கொடுக்கமாட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும். பிளக் நனைந்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிஷம் ஓடவிட்டே ஆக வேண்டும். அந்த ஐந்து விரலுக்கு அர்த்தம் இதுதான்.

தொண்ணூற்று மூன்று ஆயுத பூஜை அன்று அந்தச் சாவி முதல்முறையாகக் கழுத்தை விட்டு இறங்கியது.

கம்பெனியின் ஃபிட்டர் ஆறுச்சாமி முதல் நாளிலிருந்து அவரோடு இருப்பவர். வருஷா வருஷம் பூஜையை முன்நின்று நடத்துகிறவரும் அவரே. “எல்லாச் சாவியும் ஸ்பேனரும் சாமிகிட்ட இருக்குதுங்க பாய். உங்க வண்டிச் சாவி மட்டும் இல்லீங்க. மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க” என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் கைருதீன் மறுக்கவில்லை. மறுக்கிற நிலைமையில் அவர் இல்லை, யார் வேண்டிக்கொண்டாலும் நல்லது என்றிருந்தது. கயிற்றைக் கழற்றிக் கொடுத்து, “ஸ்டார்ட் பண்ணுனா அஞ்சு நிமிசம்” என்றார். “தெரியாதுங்களா பாய்” என்றார் ஆறுச்சாமி.

நிலைமை இதுதான். முதல்முதலாக நேரடி ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நாற்பதாயிரம் டி ஷர்ட். போன வாரம் கொடுத்த சாம்பிளில் காலர் முனை சுருண்டுகொண்டது. ஜெர்மனிக்காரர் முகம் சுளித்தார். சரி செய்து கொண்டு வந்தால் பூஜை அன்று கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் வைத்துப் பார்க்கிறேன், மதியம் இரண்டரை மணிக்குள் வரவில்லையென்றால் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். முனவரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தார். “இந்த ஆர்டர் வந்தா வண்டி நிக்கட்டும். வரலீன்னா வித்துப்போட்டு ரெண்டு மெஷின் வாங்குங்க. இதுக்கு மேல என்னால முடியாதுங்க.” கைருதீன் தலையாட்டியிருந்தார். கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு போன் போட்டால் மறுநாளே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பூஜை நாளில் கம்பெனி மெஷினைத் தொடக்கூடாது. அதனால் சாம்பிளின் கடைசி வேலை வீட்டில் நடந்தது. முனவர் பட்டன் கட்டினார், கைருதீன் அயர்ன் போட்டார். ஆறு பீஸையும் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இரண்டு பேரும் கம்பெனிக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். காருக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. பழம் நசுங்கியிருந்தால் வண்டி நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் சத்தம் இல்லை. கைருதீன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆறுச்சாமியிடம் போனார்.

“எத்தனை நிமிசம் ஓடுச்சு?” என்றார்.

ஆறுச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. “பழம் நசுங்குச்சுங்க... கற்பூரம் காட்டுனோம்... பூஜை போட்ட மெஷினை ஓடவிடலாமுங்களா பாய்? நிட்டிங் மெஷினையே ஒரு சுத்து சுத்தி நிறுத்திட்டமுங்களே. அந்த நெனப்புல கை தானா அணைச்சுப் போடுச்சுங்க...”

சாவியைத் திருகிப் பார்த்தார்கள். சர் சர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது. டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடிய ஆள் வெறுங்கையோடு வந்தான். அங்கேயும் எல்லா வண்டிக்கும் மாலை போட்டாகிவிட்டது, டிரைவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸில் போனால் மூன்று மணி ஆகும். கைருதீனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மூன்று வருஷமாகச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை! திட்ட வாயெடுத்தார். அதற்குள் ஆறுச்சாமி அங்கே இல்லை.

உள்ளே, வாழையிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிளக் கழற்றும் ஸ்பேனர் பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். தன் கையால் வைத்த ஸ்பேனரை, தன் கையாலேயே எடுத்தார். இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே வந்து வாசலில் நின்ற கைருதீன் இதைப் பார்த்தார். திட்டாமல் திரும்பிப் போய் பானெட்டைத் திறந்தார்.

நாலு பிளக்கும் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. பெட்ரோல் வராமல் இருக்க ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டார்கள். பிளக் துளை வழியாகத் தேங்கின பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. முனவர் பிளக்கை வாங்கிக்கொண்டு போய், டீக்கடை அடுப்பில் சுட்டு, கரித்துணியில் பிடித்துக் கொண்டு வந்தார். நிட்டிங் மெஷின் ஊசிக்கு விடும் எண்ணெய் கேனால் துளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார் ஆறுச்சாமி. பிளக்கை முடுக்கியாகிவிட்டது, ஃபியூஸையும் போட்டாகிவிட்டது. பேட்டரி இறங்கிவிட்டது. மணி ஒன்று இருபத்தைந்து.

“தள்ளுங்க!”

புதுச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாகக் கம்பெனியே சேர்ந்து தள்ளியது. முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை, சந்து முனையில், கைருதீன் பிஸ்மில்லா சொல்லி கிளட்சை விட்டார். டமார் என்று ஒரு வெடி. சந்து முழுக்க வெள்ளைப் புகை. புகைக்குள்ளிருந்து அந்தக் கிரைண்டர் சத்தம் கேட்டது. பெண்கள் கை தட்டினார்கள்.

முனவர் பெட்டியை வலது பக்கத்து சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஏறப் போனார். கைருதீன் ஆறுச்சாமியைப் பார்த்தார். பிளக் மறுபடி நனைந்தால் கழற்ற ஆள் வேண்டும். “நீங்க ஏறுங்க” என்றார்.

அவிநாசியைத் தாண்டினார்கள். தெக்கலூர் பக்கம் பஞ்சு மூட்டை லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. மணி இரண்டு. கைருதீனுக்கு முன்னால் மூட்டையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆறுச்சாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். “பஸ் வருதுங்க... இருங்க... இருங்க...” பஸ் உரசிக்கொண்டு போனது. “இப்பப் போலாங்க பாய்.”

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் இதே ஆள்தான் எஞ்சினை அணைத்தார். கைருதீனின் கால் ஆக்சிலேட்டர் மேல் தயங்கியது. மூன்று வருஷத்தில் முனவரைத் தவிர யார் பேச்சைக் கேட்டும் அவர் வலது பக்கம் ஒடித்ததில்லை. பயம்தான், வேறென்ன! “போலாங்க!” என்று கத்தினார் ஆறுச்சாமி. கைருதீன் ஒடித்தார். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏழாயிரத்தைத் தொட்டது, எச்சரிக்கை மணி கீய் என்று கத்தியது. லாரி பின்னால் போய்விட்டது. எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. அதற்கப்புறம் எத்தனை லாரியை முந்தினார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஏர்போர்ட் வாசலில் இரண்டு இருபத்திரண்டு. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆறுச்சாமி எதையும் தொட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஜெர்மனிக்காரர் காலரை மடித்தார், இழுத்தார், டேப் வைத்து அளந்தார், நகத்தால் முனையைச் சுரண்டினார். அப்புறம் பேனாவை எடுத்து, சாம்பிளோடு இருந்த ஒப்புதல் அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனி வாசலில் கார் வந்து நின்றது. காருக்குப் போட்ட பூமாலையில் பாதி ரோட்டில் போய்விட்டது. கையெழுத்துப் போட்ட அட்டையை முனவர் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நிக்கட்டும், போங்க” என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

ஆறுச்சாமி ஸ்பேனரைத் துடைத்து, வாழையிலையில் அது முன்பிருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். வாசலில் கைருதீன் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். கழுத்திலிருந்து கறுப்புக் கயிற்றை உருவி நீட்டினார்.

“இதையும் வெச்சிருங்க. காலையில நீங்களே எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க.”

ஆறுச்சாமி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “வேண்டாங்க பாய். எனக்குப் பயமா இருக்குதுங்க.”

கைருதீன் அவருடைய வலது கையை முன்னால் இழுத்து, சாவியை உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு தன் இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.